ராஸ் அல் கைமாவை இரண்டு நாளில் பார்ப்பது எப்படி: கடல், தோப்பு, மலை

வார இறுதியில் துபாயிலிருந்து அமீரகத்தின் வடகோடியான ராஸ் அல் கைமா போகிறவர்களில் பாதிப் பேர் நேரே ஜெபல் ஜைஸ் ஏறி, மேலே ஒரு டீ குடித்து, படம் எடுத்து, இருட்டியதும் நெரிசலில் ஊர்ந்து இறங்கி வந்துவிடுகிறார்கள். மலையை மட்டும் பார்ப்பது தவறில்லை. ஆனால் அந்த ஊரின் கதை மலையில் தொடங்கவில்லை. கடலோரத்தில் தொடங்கி, பேரீச்சந்தோப்பு வழியாக மேலே ஏறுகிறது. கடலில் தொடங்கி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு இடமும் மற்றதற்கு விளக்கம் சொல்லும்.

முதலில் நில அமைப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேற்கே வளைகுடா. கரையை ஒட்டிக் காயல். அரபியில் 'கோர்' என்பார்கள். அதற்குக் கிழக்கே மலையிலிருந்து அடித்து வந்த சரளைக்கல் விசிறிபோலப் பரவிய சமவெளி. அதன்மேல் பேரீச்சந்தோப்புகள். அதற்கப்பால் சுவர்போல எழும் சுண்ணாம்புப் பாறை மலை. குளிர்காலத்தில் மலையில் விழும் மழை சரளைக்குள் இறங்கி நிலத்தடி நீராகத் தோப்புக்கு வருகிறது. நகரின் கடைவீதிப் பகுதிக்கு அல் நகீல் என்று பெயர். பேரீச்சை மரங்கள் என்று பொருள். நல்ல தண்ணீரும் கப்பல் ஒதுங்கக் காயலும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்ததால்தான் இங்கே ஊர் வந்தது. காயல் தூர்ந்தபோது ஊரே இடம் மாறியது.

எப்போது, எப்படிப் போவது

நவம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை சரியான காலம். மே முதல் செப்டம்பர் வரை கடலோரத்தில் வெயிலோடு ஈரப்பதமும் சேர்ந்து ஆளை உருக்கிவிடும். நிழலே இல்லாத பழைய ஊர்களை அப்போது பார்க்கப் போவது வீண் முயற்சி. கோடையில் வந்தே ஆகவேண்டுமானால் விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை ஓரிடம், மாலை ஐந்துக்குமேல் ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துபாயிலிருந்து சுமார் 100 கி.மீ. முகமது பின் சாயித் சாலை எனப்படும் ஈ311 விரைவானது. கடலோர ஈ11 நகரங்களுக்குள் நுழைந்து நுழைந்து போகும். துபாய்க்குள் 'சாலிக்' எனப்படும் சாலைச் சுங்கக் கட்டணமும் உண்டு. துபாய் யூனியன் பகுதியிலிருந்து ராஸ் அல் கைமாவுக்கு நேரடிப் பேருந்து இருக்கிறது. ஊருக்குள் சுற்ற வண்டி இல்லாமல் முடியாது. இரண்டாம் நாள் பார்க்கப்போகும் தியா கோட்டையும் ஷிமால் கல்லறைகளும் பேருந்தில் போய் நடந்துவிடக்கூடிய தூரத்தில் இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு கார் வாடகைக்கு எடுப்பது டாக்சியைவிட மலிவாக முடியும். சாதாரணக் கார் போதும். ஜைஸ் சாலை முழுக்கத் தார் போட்டது.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை நேரத்தில் பல இடங்கள் பூட்டியிருக்கும். ரமலானில் நேரங்கள் மாறும். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முந்தைய நாளே போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒருநாள் விடுமுறை, பராமரிப்பு மூடல் எல்லாம் உண்டு.

முதல் நாள் காலை: அல் ஜசீரா அல் ஹம்ரா

பெயருக்குச் 'சிவப்புத் தீவு' என்று பொருள். நகருக்குத் தென்மேற்கே சுமார் 20 கி.மீ. தூரத்தில், துபாயிலிருந்து வரும் வழியிலேயே இருக்கிறது. ஆகவே முதலில் இங்கேதான் வண்டியை நிறுத்தவேண்டும், அதுவும் எட்டு மணிக்குள். பத்து மணிக்குமேல் வெள்ளைச் சுவர்களில் வெயில் பட்டுக் கண் கூசும், சுவரின் நுணுக்கம் எதுவும் தெரியாது.

முன்பு ஓதத்தில் கடல்மட்டம் ஏறினால் தீவாகிவிடும் மணல் திட்டு இது. ஸாப் குலத்தார் முத்துக்குளிப்பும் மீன்பிடியுமாக இங்கே வாழ்ந்தார்கள். 1920களின் இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சந்தைக்கு வந்தது. இரண்டும் சேர்ந்து வளைகுடா முத்து வணிகத்தை முறித்துப்போட்டன. 1960களின் பிற்பகுதியில் ஊரார் பெரும்பாலும் அபுதாபிக்குக் குடிபெயர்ந்தார்கள். ஜின் நடமாடும் ஊர் என்று யூடியூபில் காட்டுவதைப் பார்த்துவிட்டு இரவில் டார்ச்சோடு வருபவர்கள் உண்டு. அவர்கள் பார்க்காமல் விடுவது இங்கே பார்க்கவேண்டிய ஒரே விஷயத்தை: சுவரை.

எண்ணெய்க்கு முந்தைய வளைகுடா எப்படி வீடு கட்டியது என்பதை இங்கே கையால் தொடாமல் கண்ணாலேயே படிக்கலாம்.

சுவர்: கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக்கல், கரையோரப் பாறை, சிப்பி, அவற்றைப் பிணைக்கும் சுண்ணாம்புச் சாந்து. பவளக்கல்லில் தேன்கூடுபோல ஓட்டைகள் இருக்கும். அதனால் எடை குறைவு, வெப்பமும் சட்டென்று உள்ளே இறங்காது. பூச்சு உதிர்ந்த இடத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் பவளத்தின் வரிகள் அப்படியே தெரியும்.

கூரை: 'சந்தல்' என்ற கண்டல் மரக் கழிகள். இந்தக் கழி உள்ளூரில் கிடைத்ததில்லை, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மரக்கலத்தில் வந்தது. கழியின் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் அறையின் அகலம். அதனால்தான் செல்வந்தர் வீடானாலும் அறைகள் மூன்று மீட்டர் அகலத்தைச் சுற்றியே நிற்கின்றன, நீளம் மட்டும் கூடிக்கொண்டு போகிறது. வீடு வீடாக எட்டிப் பார்த்தால் இது புரியும். கழிகளுக்கு மேல் ஈச்ச ஓலைப் பாய், அதற்குமேல் மண்.

காற்றுக் கோபுரம்: அரபியில் பர்ஜீல். முத்து வணிகர் ஒருவரின் பெரிய வீட்டில் நன்றாக நிற்கிறது. நாலு பக்கமும் திறப்பு. உள்ளே பெருக்கல் குறிபோல இரண்டு தடுப்புச் சுவர். எந்தத் திசையிலிருந்து காற்று அடித்தாலும் தடுப்பில் மோதி அறைக்குள் இறங்கும், சூடான காற்று மறுபக்கம் ஏறிப்போகும்.

ஊர் நடுவே பள்ளிவாசல் இருக்கிறது. கூம்பு வடிவில் ஒரு குட்டி மினார். இன்றைய வானளாவிய மினார்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விளையாட்டுப் பொருள்போல் தெரியும். குரல் போய்ச்சேரவேண்டிய தூரம் அன்றைக்கு அவ்வளவுதான்.

இங்கே பொதுவாக நடக்கும் தவறுகள் மூன்று. சுவர்மேல் ஏறி நிற்பது முதலாவது. உப்பரித்த பவளக்கல் எடையைத் தாங்காது, சரிந்துவிடும். கூரை பாதி இறங்கிய அறைக்குள் நுழைவது இரண்டாவது. கழி அரித்திருப்பது கீழிருந்து தெரியாது. மூன்றாவது, பழைய பானை ஓட்டுச் சில்லை 'நினைவுக்கு' என்று பையில் போடுவது. தொல்பொருள் சட்டப்படி அது குற்றம். சில வீடுகள் சீரமைக்கப்பட்டுள்ளன, சில வேலிக்குள் இருக்கின்றன. பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கிக் கல்லைத் தின்றுவிடும். ஆகவே சீரமைப்பவர்கள் பழைய சாந்து முறைக்கே திரும்பவேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் ராஸ் அல் கைமா கலை விழா இங்கே நடக்கும். படங்களும் விளக்குகளும் பிடிக்கும் என்றால் அப்போது வாருங்கள், ஊரை மட்டும் பார்க்கவேண்டுமானால் அந்த வாரங்களைத் தவிருங்கள்.

ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும்.

அருங்காட்சியகமும் காயலும்

அடுத்து நகரின் பழைய பகுதியில் உள்ள கோட்டை. இதுதான் தேசிய அருங்காட்சியகம். 1819-ல் பம்பாயிலிருந்து வந்த பிரிட்டிஷ் படை ஊரைத் தாக்கி அழித்தது. அடுத்த ஆண்டு கையெழுத்தான பொதுக் கடல் உடன்படிக்கையிலிருந்துதான் இந்தக் கரை முழுவதும் பிரிட்டிஷாரின் பிடிக்குள் போகத் தொடங்கியது. பிறகு மீண்டும் எழுந்த கோட்டையில் 1964 வரை ஆளும் அல் காசிமி குடும்பம் குடியிருந்தது. அதன்பின் காவல்துறை அலுவலகம், சிறை, 1987-ல் அருங்காட்சியகம்.

உள்ளே முத்துக்குளிப்புக் கருவிகள் இருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். மூக்கை இறுக்கும் கவ்வி, சிப்பி போடும் வலைக்கூடை, காலில் கட்டிக்கொண்டு இறங்கும் கல். குளிப்பவர் 'கைஸ்', மேலே கயிறு பிடித்து இழுப்பவர் 'சைப்', படகுத் தலைவர் 'நௌகதா'. மன்னார் வளைகுடாவில் சலாபம் குளித்த நம்மவர்களின் முறையும் ஏறத்தாழ இதேதான்: கல்லோடு இறங்குவது, கயிற்றை ஆட்டிச் சைகை, மேலே நம்பகமான ஓர் ஆள். இரண்டு கடல்களும் ஒன்றையொன்று அறிந்தவை. 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்புக்கு வளைகுடா அரபியர் வந்து குளித்திருக்கிறார்கள். வளைகுடா முத்தோ விற்பனைக்குப் பம்பாய் போனது.

ஜுல்பார் மட்பாண்டங்களையும் தவறவிடாதீர்கள். மலையடிவாரத்தில் சுட்ட இந்தச் சட்டிபானைகள் வளைகுடா முழுக்கவும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரை வரைக்கும் போயிருக்கின்றன.

ஜுல்பார் என்பது இன்றைய நகருக்கு முந்தைய துறைமுக நகரம். அரபுக் கடலோடி இப்னு மாஜிதின் ஊர் என்று போற்றப்படுவது. காயலின் கதையை இங்கேதான் புரிந்துகொள்ளவேண்டும். முதலில் ஊர் இருந்தது இன்று கரையிலிருந்து உள்ளே தள்ளி நிற்கும் குஷ் மேட்டில். காயல் தூர்ந்து கடல் விலகியதும், 14-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஊர் கரைப்பக்கம் அல் மதாஃப் திட்டுக்கு நகர்ந்தது. அங்கேயும் நீர்வழி மணலில் மூடவே, தெற்கே இன்றைய ராஸ் அல் கைமா எழுந்தது. ஜுல்பார் இருந்த இடத்துக்கு நேரில் போனால் தட்டையான மண்மேடுதான் இருக்கும். அதற்காக வண்டி எடுக்கவேண்டாம். அங்கே கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகளை அருங்காட்சியகத்தில் பார்ப்பதே மேல். அந்தப் பெயர் இன்று மருந்துச் சீட்டுகளில்தான் அதிகம் வாழ்கிறது: 1980-ல் இங்கே தொடங்கிய மருந்து நிறுவனம் 'ஜுல்பார்' என்ற பெயரைத்தான் எடுத்துக்கொண்டது.

மதியச் சாப்பாட்டுக்கு அல் நகீல் பக்கம் போங்கள். தென்னிந்தியச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மாலை நாலரைக்குக் காயல் கரை. அலையாத்திக் காடும், குளிர்காலத்தில் பூநாரைகளும் உண்டு. ஓதம் வற்றும் நேரத்தில் சேறு வெளியே தெரியும், பறவைகள் இரை தேடி இறங்கும். நிறை ஓதத்தில் போனால் தண்ணீரும் பச்சையும் மட்டுமே மிஞ்சும். ஓத அட்டவணையைப் போனில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

இரண்டாம் நாள்: மலையிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் மாலையில் ஏறுகிறார்கள், நீங்கள் காலையில் ஏறுங்கள். ஏழு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் காற்றில் தூசு மூட்டம் குறைவு, சாலையும் காலி. வார இறுதி மாலைகளில் சூரிய அஸ்தமனம் பார்த்துவிட்டு இறங்கும் கூட்டத்தில் மாட்டினால் நேரம் வீணாகும், எரிச்சல்தான் மிஞ்சும்.

அடிவாரத்துக்கு முன்பே, நகரில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே பங்க் இல்லை. சுமார் 30 கி.மீ. மலைச்சாலை, கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலை, ஏற்காடு சாலைகளில் ஓட்டியவர்களுக்கு இது அகலமான, சொகுசான சாலை. ஆபத்து இறங்கும்போதுதான். ஆட்டோமேடிக் வண்டியை டி-யிலேயே விட்டு முழுக்க பிரேக்கில் இறங்கினால் பாதி வழியில் கருகிய வாடை வரும், பிரேக் பிடிமானம் குறையும். கியரை 2 அல்லது எல்-க்கு மாற்றி, எஞ்சினே வேகத்தைப் பிடிக்கட்டும். வாடை வந்துவிட்டால் ஒதுங்கி நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஜெபல் ஜைஸின் உயரம் 1,934 மீட்டர். உச்சி ஓமான் எல்லைப் பக்கம் இருக்கிறது, சாலை அதுவரை போகாது. அடிவாரத்தைவிட மேலே 10 டிகிரி வரை குளிராக இருக்கும். ஜனவரியில் காற்றும் சேர்ந்தால் ஸ்வெட்டர் இல்லாத குழந்தைகள் பாடு திண்டாட்டம். 2,830 மீட்டர் நீள ஜிப்லைன் 2018 முதல் இங்கே ஓடுகிறது. எடை வரம்பு உண்டு, முன்பதிவு வேண்டும், காற்று பலத்தால் நிறுத்திவிடுவார்கள். அதை மட்டும் நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள்.

பாறையைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் அடுக்கடுக்காக இருப்பது ஆழமில்லாத பழங்கடலின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்த சுண்ணாம்பு. சாலை வெட்டிய இடங்களில் தொல்லுயிர்ச் சிப்பிகளின் தடம் தென்படலாம். இதே மலைத்தொடர் வடக்கே ஓமானைச் சேர்ந்த முசந்தத்தில் மெல்லக் கடலுக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அங்கே பள்ளத்தாக்குகளுக்குள் கடல்நீர் புகுந்திருப்பது அதனால்தான். இந்தச் சுண்ணாம்புப் பாறைதான் இப்பகுதியின் சிமெண்ட் ஆலைகளுக்கும் கல்குவாரிகளுக்கும் தீனி. கடலோர ஊரான ரம்ஸுக்கு வடக்கே ஷாம் சாலையில் லாரிகள் வரிசைகட்டி ஓடுவதற்குக் காரணமும் அதுவே.

மலையில் ஷிஹூ, ஹபூஸ் குலத்தார் வாழ்ந்தார்கள். காட்சி மேடைகளிலிருந்து பொறுமையாகத் தேடினால் கீழே கல்லடுக்கிய படிக்கட்டு வயல்கள் தெரியும். குளிர்கால மழையை நம்பிக் கோதுமையும் வாற்கோதுமையும் போட்ட நிலங்கள் அவை. கோடையில் பேரீச்சை அறுவடைக்குக் கீழே இறங்கிவிடுவார்கள். ஊரில் இல்லாத மாதங்களில் தானியத்தைக் காக்க அவர்கள் கட்டியதுதான் 'பைத் அல் குஃப்ல்', பூட்டு வீடு. பாதி தரைக்குள் தோண்டி, பெரிய பாறைகளால் சுவர் எழுப்பி, குனிந்தே நுழையவேண்டிய சின்ன வாசல் வைத்து, மரப்பூட்டுப் போட்டது. உள்ளே உள்ள தானியத் தாழிகள் வாசலைவிடப் பெரியவை. தாழியை முதலில் வைத்துவிட்டு அதைச் சுற்றி வீட்டைக் கட்டினார்கள். திருடன் தானியத்தை அள்ளலாம், தாழியைத் தூக்க முடியாது. நடைபாதையில் இப்படியொரு வீடு கண்ணில் பட்டால் வெளியே நின்று பாருங்கள். பலவற்றுக்கு இன்றும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

மழை முன்னறிவிப்பு இருந்தால் மலைப்பக்கமே போகவேண்டாம். சாலையை மூடுவார்கள், பாறை உருளும். 'வாதி' எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகை, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூறல் இல்லாவிட்டாலும், மேலே பெய்த மழையில் நிமிடங்களில் பொங்கிவிடும். சுண்ணாம்புப் பாறைச் சரிவில் தண்ணீரைப் பிடித்துவைக்க மண்ணோ செடியோ கிடையாது. வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹாம் அபராதம், ஓட்டுநர் உரிமத்தில் 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி முடக்கம்.

ஷிமால், பிறகு தியா

மதியம் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு ஷிமால். கி.மு. 2000-ஐ ஒட்டிய பல நூற்றாண்டுகளின் கல்லறைகள் மலையடிவாரச் சரளையில் பரவிக் கிடக்கின்றன. 14 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள உம் அன் நார் எனப்படும் வெண்கலக் காலப் பண்பாட்டின் வட்டக் கல்லறையும் இங்கே உண்டு. குன்றின்மேல் இருப்பதை 'ஷீபா ராணி அரண்மனை' என்கிறார்கள். ஷீபாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜுல்பார் ஆட்சியாளர்களின் இடைக்காலக் கோட்டை மாளிகை அது. சுவர்கள் இடிந்தாலும் வளைவுக் கூரையோடு ஒரு தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. ஏறும் பாதை உதிரிக்கல். செருப்பில் ஏறினால் கணுக்கால் பிசகும். வேலி அடைத்திருந்தால் திரும்பிவிடுங்கள். நேரம் குறைவென்றால் ஷிமாலை விடுங்கள், தியாவை விடாதீர்கள்.

தியா, நகருக்கு வடக்கே ரம்ஸை ஒட்டி. செங்குத்தான குன்றின்மேல் இரண்டு மண்செங்கல் கோபுரங்கள். 1819 டிசம்பரில் பிரிட்டிஷ் படைக்கு எதிராக இங்கே கடைசி வரை நின்றார்கள். மேலே தண்ணீர் இல்லை, நிழல் இல்லை. பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் சரணடையவேண்டியதாயிற்று. இப்போது 239 படி கட்டியிருக்கிறார்கள். நடுத்தர உடல்நிலை உள்ளவருக்குப் பதினைந்து இருபது நிமிட ஏற்றம். மூட்டு வலி உள்ளவர்கள் ஏறுவதைவிட இறங்குவதற்கு அஞ்சவேண்டும், படிகள் செங்குத்து. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

காலையில் இங்கே வரச்சொல்லாததற்குக் காரணம் உண்டு. கிழக்கே மலை சுவராக நிற்பதால் காலை வெயில் தாமதமாகத்தான் குன்றுக்கு வரும். மாலையிலோ கடல் பக்கத்து வெயில் நேரே கோபுரத்திலும் பின்னால் உள்ள மலைமுகத்திலும் விழும். அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மேலே இருங்கள். மேற்கே கடல், கீழே பேரீச்சந்தோப்பு, முதுகுக்குப் பின்னால் மலை. ஜசீராவின் பவளச் சுவரும் மேலே பூட்டு வீட்டின் தாழியும் எந்த இரண்டு உலகங்களைச் சேர்ந்தவை, நடுவில் இருந்த தோப்பை ஏன் கோட்டை கட்டிக் காத்தார்கள் என்பது இந்த ஒரு பார்வையில் விளங்கும்.

படிகளில் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். இன்னொரு நாள் கைவசம் இருந்தால் ரம்ஸிலிருந்து படகில் முத்துப் பண்ணைக்குப் போகலாம், முன்பதிவு கட்டாயம். அல்லது தெற்கே கத் வெந்நீர் ஊற்று. வடக்கே எல்லை தாண்டிக் காசாப் போக நினைப்பவர்கள் ஓமான் விசா விதிகளையும் வண்டியின் ஓமான் காப்பீட்டையும் கிளம்பும் முன்பே சரிபார்க்கவேண்டும். வாடகை வண்டியானால் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எல்லையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.